30 லைஃபும் போதாதவர்களுக்கு: பழைய கேம்களில் சீட் போடுவதும் பேட்ச் போடுவதும்

தொண்ணூறுகளில் டிவி கேம் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, அல்லது அப்படி ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நம் முறை எப்போது வரும் என்று காத்துக்கிடந்தவர்களுக்கு (நான் இரண்டாவது ரகம்), அந்த மஞ்சள் கேசட் ஞாபகம் இருக்கும். மேலே 9999 கேம் என்று ஸ்டிக்கர், உள்ளே போனால் கொஞ்சம் கேம்தான் பெயர் மாறி மாறி வரும். கான்ட்ரா மட்டும் பட்டியலில் ஏழெட்டு இடத்தில் இருக்கும், ஒன்றை அமுக்கினால் வழக்கமான காடு, இன்னொன்றை அமுக்கினால் நேராக அருவி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டினோம். யாரோ ஒருவர் கேமின் உள்ளே கைவிட்டு, எந்த லெவலில் தொடங்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் மாற்றிப் பட்டியலை நிரப்பியிருக்கிறார் என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. நாங்கள் பார்த்த முதல் ஹேக் அதுதான், அது ஹேக் என்று தெரியாமலே பார்த்தோம்.

அதே வேலையை உங்கள் கணினியில், உங்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் செய்துகொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சீட் என்றால் கேமை எளிதாக்கும் குறுக்குவழி, அதற்காக அமுக்கும் அல்லது தட்டும் ரகசிய வரிசைதான் கோடு, பேட்ச் என்றால் கேமையே திருத்தும் சின்னக் கோப்பு. உதாரணங்கள் பெரும்பாலும் நின்டெண்டோவின் 8 பிட் எந்திரமான என்இஎஸ்ஸைச் சேர்ந்தவை, ஜப்பானில் ஃபேமிகாம் என்று விற்றது, நம் ஊர் டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் நகல்தான். மற்ற பழைய எந்திரங்களுக்கும் முறை ஏறத்தாழ இதுவே.

எது உங்களைக் கொல்கிறது?

சீட் தேடப் போகும் முன் இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். புதிதாக வருகிறவர்கள் செய்வது என்னவென்றால், கிடைத்த எல்லா கோடையும் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள்: சாகவே சாகாது, துப்பாக்கி தீராது, நேரம் ஓடாது. இருபது நிமிடத்தில் சலித்துப்போய் மூடிவிடுவார்கள். நானும் அப்படி மூடியவன்தான். தோற்கடிக்கிற ஒரு விஷயத்தை மட்டும் தளர்த்தி, மீதியை அப்படியே விட்டால்தான் கேம் கேமாக இருக்கும்.

இந்தப் பழைய கேம்கள் எல்லாம் ஒரே மாதிரி கஷ்டம் இல்லை. கான்ட்ராவில் ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போச்சு, இருப்பதோ 3, அது எண்ணிக்கைப் பிரச்சினை. நிஞ்ஜா கைடனில் தொடர்ந்து ஆட எத்தனை முறை வேண்டுமானாலும் வாய்ப்பு தருவான், ஆனால் கடைசி பாஸிடம் (பெரிய எதிரி) செத்தால் 6ஆம் கட்டத்தின் தொடக்கத்துக்கே தூக்கி எறிவான், ஆக அது தூரப் பிரச்சினை. முதல் காசில்வேனியாவில் குதித்துவிட்டால் காற்றில் திசை திருப்ப முடியாது, ஓர் அடி வாங்கினால் பின்னால் தள்ளப்பட்டு நேரே பள்ளத்தில் விழுவீர்கள், இது கைப் பழக்கத்தின் பிரச்சினை. அதன் இரண்டாம் பாகமான சைமன்ஸ் குவெஸ்டில் ஒரு மலைச்சுவர் முன்னால் சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார வேண்டும், சூறாவளி வந்து தூக்கிப்போகும். ஆங்கில வசனத்தை மட்டும் படித்து இதைத் தாமாகக் கண்டுபிடித்தவர் யாரையாவது எனக்குத் தெரிந்தால் காலில் விழுந்திருப்பேன்.

எண்ணிக்கைக்குச் சீட் கோடு, தூரத்துக்குச் சேவ் ஸ்டேட் (நினைத்த இடத்தில் சேமிப்பது), கைப் பழக்கத்துக்கும் புரியாத வசனத்துக்கும் பேட்ச். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எதில் ஆடுவது

பழைய எந்திரத்தைப் போலவே கணினியை நடக்க வைக்கும் நிரல்தான் எமுலேட்டர். கணினியில் என்றால் மெசன், எஃப்சிஇயுஎக்ஸ் இரண்டும் என்இஎஸ்ஸுக்கு நல்ல எமுலேட்டர்கள், இலவசம். போனிலும் கணினியிலும் ஒரே மாதிரி வேண்டும், பல எந்திரங்களின் கேமும் ஆட வேண்டும் என்றால் ரெட்ரோஆர்ச். அதன் மெனு முதல் நாள் தலைசுற்ற வைக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும்.

ரோம், அதாவது கேசட்டில் இருக்கும் கேமின் கோப்பு, எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொந்தக் கேசட் இருந்தால் அதிலிருந்து நகலெடுக்கும் கருவிகள் விற்கின்றன. அது வேண்டாம் என்றால் கேம் நிறுவனங்களே பழையவற்றைத் தொகுத்து விற்கின்றன, கோனாமி 2019இல் கான்ட்ராவுக்கும் காசில்வேனியாவுக்கும் தனித்தனித் தொகுப்பு வெளியிட்டது, நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதி அவற்றிலேயே உண்டு. நின்டெண்டோ ஸ்விட்சின் ஆன்லைன் சந்தாவில் வரும் என்இஎஸ் கேம்களில் ரீவைண்டும் உண்டு. பேட்ச் போட முடியாது, ஆனால் நிறையப் பேருக்கு இந்த அளவே போதும்.

கேமுக்குள்ளேயே இருக்கும் கள்ளச்சாவி

முதலில் கேமை உருவாக்கியவர்களே விட்டுவைத்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, பிறகு ஸ்டார்ட். கான்ட்ராவின் தலைப்புத் திரையில், டெமோ ஓட ஆரம்பிக்கும் முன் இதை அமுக்கினால் 3 லைஃபுக்குப் பதில் 30. இரண்டு பேர் ஆடுவதென்றால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். சத்தமோ அறிவிப்போ எதுவும் வராது, ஆடிப்பார்த்தால்தான் தெரியும். என் பெரியம்மா மகன் இதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அமுக்குவார், நாங்கள் அந்த முணுமுணுப்பும் கோடில் சேர்த்தி என்றே நினைத்திருந்தோம்.

இந்தக் கோடு பிறந்த கதையும் அழகு. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கோனாமி நிரலாளர் கிரேடியஸ் என்ற விண்கலக் கேமை ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார், 1986இல் வெளிவந்தது. சோதித்துப் பார்க்க ஆட வேண்டும், ஆனால் அவராலேயே ஆட முடியவில்லை, அவ்வளவு கஷ்டம். எல்லா ஆயுதமும் ஒரேயடியாகக் கிடைக்கிற மாதிரி தனக்காக ஒரு வரிசையைப் போட்டுக்கொண்டார், வெளியிடும்போது எடுக்காமல் விட்டுவிட்டார். அதனால் சீட் போட வெட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று, இந்தக் கோடு முதலில் எழுதப்பட்டதே கேமைச் செய்தவருக்காகத்தான். கிரேடியஸில் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு இதை அமுக்க வேண்டும், ஸ்டார்ட் சேராது.

ஆனால் எல்லா இடத்திலும் இதையே நம்பிப் போகாதீர்கள். சூப்பர் சி என்ற அடுத்த கான்ட்ராவில் வரிசையே வேறு: வலது, இடது, கீழ், மேல், ஏ, பி, ஸ்டார்ட், கிடைப்பது 10 லைஃப். சூப்பர் நின்டெண்டோவில் வந்த கிரேடியஸ் 3இல் பழைய வரிசையை அப்படியே அமுக்கினால் ஆயுதமெல்லாம் வரும், வந்த கையோடு உங்கள் கப்பல் வெடிக்கும். இடது வலதுக்குப் பதில் தோள்பட்டைப் பொத்தான்களான எல், ஆர் அமுக்க வேண்டும். கோனாமிக்காரர்களின் குசும்பு.

இன்னும் இரண்டு. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் கேம் ஓவர் ஆன பின் தலைப்புத் திரையில் ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் அமுக்கினால், எந்த உலகத்தில் தோற்றீர்களோ அந்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கலாம். மைக் டைசனின் பஞ்ச்-அவுட்டில் 007 373 5963 என்று கடவுச்சொல் போட்டால் நேராக டைசன் முன் நிற்பீர்கள். அது உதவியா தண்டனையா என்பது வேறு கேள்வி.

சேவ் ஸ்டேட்

எமுலேட்டர் அந்த நொடியில் எந்திரத்தின் மொத்த நிலையையும் படம்பிடித்து வைப்பதுதான் சேவ் ஸ்டேட். ஒரு பொத்தானில் சேமிப்பு, ஒரு பொத்தானில் மீட்பு. நிஞ்ஜா கைடன் மாதிரித் தூரத்துக்குத் தூக்கி எறியும் கேமுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது.

நான் வைத்திருக்கும் பழக்கம் இது: ஒவ்வொரு லெவலின் வாசலிலும் ஒருமுறை, பாஸின் கதவுக்கு முன் ஒருமுறை, அவ்வளவுதான். ஒவ்வோர் எதிரிக்கும் ஒருமுறை சேமித்துக்கொண்டே போனால் கேமை முடித்துவிடலாம், ஆனால் முடித்தபின் அந்த லெவலை ஆடத் தெரியாது, அடுத்த முறையும் அப்படியேதான் தட்டுத்தடுமாற வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரே இடத்தில் மேல்மேலே சேமிக்காதீர்கள். பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கும் நொடியில் பதற்றத்தில் சேமிப்புப் பொத்தானை அமுக்கிவிட்டால், மீட்கும்போதெல்லாம் விழுந்துகொண்டேதான் இருப்பீர்கள். எமுலேட்டரில் பல எண்ணிட்ட இடங்கள் இருக்கும், இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

ரீவைண்டு என்பது இதன் தம்பி, பொத்தானைப் பிடித்தால் கேம் பின்னோக்கி ஓடும். ரெட்ரோஆர்ச்சில் அது முதலில் அணைந்திருக்கும், அமைப்புகளில் போய் இயக்க வேண்டும். பேட்டில்டோட்ஸின் மூன்றாம் லெவலில் வண்டியில் ஏறிச் சுவர்களைத் தாண்டுவீர்களே, அங்கே ரீவைண்டு வைத்து ஒரு மாலை பழகினால் மறுநாள் அது இல்லாமலே தாண்டலாம்.

எழுத்துக்கோடு: கேம் ஜீனி

இனி வெளியிலிருந்து கை வைப்பது. கேம் ஜீனி என்பது பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் உருவாக்கிய கருவி, அமெரிக்காவில் கலூப் நிறுவனம் விற்றது. கேசட்டுக்கும் எந்திரத்துக்கும் நடுவில் செருக வேண்டும். நின்டெண்டோ வழக்குப் போட்டது, 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கலூப் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இன்று கருவி தேவையில்லை, எமுலேட்டரின் சீட் பகுதியில் கோடைத் தட்டினால் போதும்.

அது உள்ளே என்ன செய்கிறது என்று ஒரே ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சூப்பர் மாரியோவுக்கு லைஃப் தீராமலிருக்க ஒரு கோடு உண்டு: எஸ், எக்ஸ், ஐ, ஓ, பி, ஓ. ஆறே எழுத்து. கேம் ஜீனி மொத்தமே 16 எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறது, ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஓர் எண், அவை குலுக்கிப் போடப்பட்டிருக்கின்றன. அவிழ்த்துப் பார்த்தால் இந்தக் கோடு சொல்வது இவ்வளவுதான்: 91டி9 என்ற முகவரியைப் படிக்க வந்தால், அங்கே என்ன இருந்தாலும் ஏடி என்று பதில் சொல். (முகவரி என்பது கேமின் உள்ளே ஓர் இடத்தின் எண். எழுத்து கலந்திருந்தாலும் இவையெல்லாம் எண்கள்தான், 16ஐ அடிப்படையாக வைத்து எழுதியவை.)

அந்த முகவரியில் உண்மையில் இருப்பது சிஇ, "இந்த எண்ணில் ஒன்றைக் குறை" என்ற கட்டளை. மாரியோ சாகும்போது லைஃபிலிருந்து ஒன்று கழிக்கும் இடம் அது. ஏடி என்றால் "இந்த எண்ணைப் படி". ஆக, குறைக்கப் போன எந்திரம் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஒரே ஒரு பைட், அதாவது ஒரே ஓர் எண். கடன் வசூலிக்க வந்தவர் பாக்கி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போய்விட்ட மாதிரி.

எட்டெழுத்துக் கோடும் பார்ப்பீர்கள். பெரிய கேம்களில் ஒரே முகவரியில் நேரத்துக்கு ஒரு பகுதி வந்து உட்காரும், அதனால் "அங்கே இன்ன எண் இருந்தால் மட்டும் மாற்று" என்று ஒரு நிபந்தனை கூடுதலாக வேண்டும், அந்த நிபந்தனைக்குத்தான் மேலும் இரண்டு எழுத்து. கோடு போட்டும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் ரோமின் பதிப்பை. அமெரிக்கப் பதிப்புக்கான கோடு ஜப்பான் பதிப்பில் வேறேதோ இடத்தை மாற்றி, திரையெல்லாம் குப்பையாகலாம். பயப்படாதீர்கள், கோடு ரோம் கோப்பைத் தொடுவதில்லை, அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

உங்கள் கோடை நீங்களே தேடிப் பிடிப்பது

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், ஆனால் நிறையப் பேர் பயந்து தொடுவதே இல்லை. என்இஎஸ்ஸின் உள் நினைவகம் 2 கேபி, அதாவது 2,048 பைட். உங்கள் லைஃப், உயிர்ப் பட்டை, நேரம் எல்லாமே பெரும்பாலும் அந்த 2,048 பெட்டிகளில் ஒன்றில்தான் இருக்கும். தேடுவது கழித்துக் கட்டும் வேலைதான்.

சூப்பர் மாரியோவை வைத்தே பழகுங்கள். கேமைத் தொடங்கி, எமுலேட்டரின் சீட் தேடலைத் திறந்து புதிய தேடல் போடுங்கள். திரும்பி வந்து, ஒரு லைஃபை விடுங்கள். தேடலுக்குப் போய் "முன்பைவிடக் குறைந்தவை" என்று கேளுங்கள், ஆயிரக்கணக்கில் இருந்தது சில நூறாகும். கொஞ்ச தூரம் சாகாமல் நடங்கள், "மாறாதவை" என்று கேளுங்கள், இன்னும் குறையும். மறுபடி சாகுங்கள், மறுபடி "குறைந்தவை". நாலைந்து சுற்றில் ஒன்றிரண்டு பெட்டிதான் மிஞ்சும், அதில் 075ஏ என்ற முகவரி இருக்க வேண்டும். அதில் ஓர் எண்ணைப் பூட்டுங்கள், அதாவது மாறாமல் நிறுத்திவையுங்கள், முடிந்தது.

இதில் ஏன் "3 எங்கே இருக்கிறது" என்று நேராகத் தேடச் சொல்லவில்லை என்றால், அங்கே 3 இருக்காது. திரையில் 3 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 2, கேம் ஒன்றைக் கூட்டித்தான் காட்டுகிறது. பழைய கேம்களில் இது சகஜம், எண்ணைத் தேடாமல் ஏற்ற இறக்கத்தைத் தேடுவதே நல்லது. அதே போல நேரம் 400 என்று காட்டுகிறதே என்று 400ஐத் தேடினாலும் கிடைக்காது, ஒரு பைட்டில் 255க்கு மேல் அடங்காது. மாரியோ நேரத்தின் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனிப் பெட்டியில், 07எஃப்8 தொடங்கி அடுத்தடுத்து மூன்றில் வைத்திருக்கிறது. முதல் இலக்கத்தை மட்டும் பூட்டினால் போதும், ஆனால் லெவல் முடிந்து மீதி நேரத்தைப் புள்ளியாக எண்ணும்போது பூட்டைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு என்று பூட்டுவது? ஆசைப்பட்டு 255 போடாதீர்கள். மாரியோ அந்த எண்ணைக் குறைத்துவிட்டு அது பூஜ்யத்துக்குக் கீழே போனதா என்று பார்க்கும், ஆனால் 8 பிட் கணக்கில் 127க்கு மேற்பட்டவையெல்லாம் கழித்தல் எண்ணாகத்தான் தெரியும். 255 லைஃபுடன் நிம்மதியாகக் கிளம்பி, முதல் காளான் வடிவ எதிரியிடம் அடிபட்டதும் கேம் ஓவர். சீட் போடாமலே, படிக்கட்டில் ஆமையின் மேல் திரும்பத் திரும்பக் குதித்து லைஃப் சேர்ப்பவர்களுக்கும் இதே கதிதான். 5 என்று பூட்டுங்கள், போதும்.

இன்னொரு யோசனை: பூட்டாமல் ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு விடலாம். 9 லைஃப் எழுதிவிட்டுக் கான்ட்ராவை ஆடினால் 30ஐவிடச் சுவாரசியம், 3ஐவிடக் கருணை. நான் 30இல் தொடங்கி, முடிக்க முடிந்த பிறகு 15, பிறகு 9 என்று இறங்கினேன்.

பேட்ச்

சீட் ஓர் எண்ணை மாற்றும். கேமின் நடத்தையையே மாற்ற வேண்டுமென்றால் ரசிகர்கள் எழுதிய பேட்ச் வேண்டும். உதாரணமாக முதல் காசில்வேனியாவில் காற்றில் திசை திருப்ப அனுமதிக்கும் பேட்ச் உண்டு, லெவல், எதிரி எல்லாம் அப்படியே இருக்கும், கை மட்டும் இளகிவிடும். சைமன்ஸ் குவெஸ்டுக்கு பிஸ்க்விட் என்ற புனைபெயரில் எழுதும் நிரலாளர் ஜப்பானிய வசனத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்த பேட்ச் இருக்கிறது, ஊர்க்காரர்கள் பேசுவது புரிகிறது என்பதே பெரிய விஷயம்.

சில பேட்ச்கள் வெளிநாட்டுப் பதிப்பில் பிடுங்கிக்கொண்டதைத் திருப்பித் தருகிறவை. சேகாவின் மெகா டிரைவ் எந்திரத்தில் வந்த கான்ட்ரா ஹார்டு கோர் ஜப்பானில் ஒரு லைஃபுக்கு மூன்று அடி தாங்கும், அமெரிக்கப் பதிப்பில் ஓர் அடிக்கே சாவு. அந்த மூன்று அடியை அமெரிக்கப் பதிப்புக்குத் திருப்பிக் கொடுக்கும் ரசிகர் பேட்ச் இருக்கிறது. இதை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் ஜப்பானியப் பையன்கள் இப்படித்தான் ஆடினார்கள் என்று சொல்லுங்கள். நிஞ்ஜா கைடன் 3ம் இப்படித்தான், அமெரிக்காவில் தொடர்ந்து ஆடும் வாய்ப்பை எண்ணிக் கொடுத்தார்கள், ஜப்பானில் கணக்கே இல்லை. வாடகைக்கு எடுத்தவர்கள் ஒரே வார இறுதியில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கஷ்டத்தைக் கூட்டினார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள்.

சரி, போடுவது எப்படி.

பேட்ச் கோப்பில் கேம் இருக்காது, "இந்த இடத்தில் இந்தப் பைட்டுகளை வை" என்ற பட்டியல் மட்டுமே இருக்கும், அதனால்தான் சில கேபியில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு வகை பார்ப்பீர்கள். ஐபிஎஸ் பழையது, எந்தக் கோப்பின் மேலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும், கேம் கோப்பில்லாமல் உங்கள் கல்யாண போட்டோவைக் கொடுத்தாலும் எழுதும். பிபிஎஸ் புதியது, கோப்பு சரியானதுதானா என்று சரிபார்த்துவிட்டே தொடும். இரண்டும் கிடைத்தால் பிபிஎஸ்.

ரோமை முதலில் நகலெடுத்து வேறு பெயரில் வையுங்கள். தயவுசெய்து. நான் என் ஒரே கோப்பின் மேல் ஐபிஎஸ்ஸைப் போட்டு, தவறான பேட்ச் என்று தெரிந்தபின் அதன் மேலேயே இன்னொன்றைப் போட்டு, கடைசியில் மாரியோ தலையில்லாமல் நடந்தார். நகலெடுத்த பின் பேட்சுடன் வரும் ரீட்மீ கோப்பைத் திறந்து, எந்தப் பதிப்பு என்று படியுங்கள்: அமெரிக்காவா ஜப்பானா, முதல் வெளியீடா திருத்திய வெளியீடா. சிஆர்சி32 என்று, கோப்பை அடையாளம் காட்டும் எட்டெழுத்து ஒன்று கொடுத்திருந்தால் உங்கள் கோப்பின் சிஆர்சியுடன் ஒப்பிடுங்கள், பொருந்தினால் கவலையே இல்லை. பிறகு ஃப்ளோட்டிங் ஐபிஎஸ் மாதிரி ஒரு சின்ன நிரலில் பேட்சையும் ரோமையும் காட்டினால் புதிய கோப்பைக் கொடுக்கும். இரண்டு நொடி வேலை.

அதைவிடச் சோம்பேறி வழியும் உண்டு, நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ரெட்ரோஆர்ச்சில், ரோம் இருக்கும் அதே அடைவில், அதே பெயரில் பேட்சை வையுங்கள், கடைசி நீட்டிப்பு மட்டும் ஐபிஎஸ் அல்லது பிபிஎஸ். கேமைத் திறக்கும்போது தானாகப் போட்டுக்கொள்ளும், மூலக் கோப்பு அப்படியே இருக்கும். பேட்ச் வேண்டாம் என்றால் பெயரை மாற்றிவிட்டால் முடிந்தது.

எல்லாம் சரியாகச் செய்தும் திரை கறுப்பாக வந்தால் தலைப்புப் பைட்டைச் சந்தேகியுங்கள். என்இஎஸ் ரோம் கோப்பின் முன்னால் எமுலேட்டருக்காக 16 பைட் தலைப்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும், சூப்பர் மாரியோவின் கேம் 40,960 பைட், கோப்பு 40,976 பைட் இருப்பது அதனால்தான். பேட்ச் எழுதியவரிடம் தலைப்பு இருந்து உங்களிடம் இல்லையென்றால் எல்லா மாற்றமும் 16 பைட் தள்ளிப்போய் விழும். சூப்பர் நின்டெண்டோ ரோம்களில் இது 512 பைட், சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது, அங்கேதான் இந்தத் தொல்லை அதிகம்.

இன்னொரு கறுப்புத்திரைக் காரணம், பேட்ச் போடும் முன் எடுத்த சேவ் ஸ்டேட்டைப் பேட்ச் போட்ட கேமில் மீட்பது. பழைய நினைவகம், புதிய கட்டளைகள், இரண்டும் முட்டிக்கொள்ளும். பேட்ச் போட்டால் புதிதாகத் தொடங்குங்கள்.

பேட்ச் தேடும்போது விளக்கத்தைப் படிக்காமல் இறக்காதீர்கள், ஏனென்றால் ரசிகர் ஹேக்குகளில் பெரும் கூட்டம் கேமை எளிதாக்குவதற்கு இல்லை. சூப்பர் மாரியோ வேர்ல்டின் லெவல்களை மாற்ற லூனார் மேஜிக் என்ற கருவி 2000இல் வந்தது, 2007இல் ஜப்பானியர் ஒருவர் தன் நண்பனை வதைப்பதற்காகவே லெவல்கள் செய்து அவன் ஆடுவதைப் படம்பிடித்துப் போட்டார், அதிலிருந்து கைசோ என்ற ஒரு வகையே பிறந்துவிட்டது. பெயரில் கைசோ என்று பார்த்தால், நீங்கள் இந்தக் கட்டுரையைத் தேடி வந்த ஆள் என்றால், அப்படியே திரும்பி நடங்கள். ரோம்ஹாக்கிங் என்ற பழைய சேமிப்புத் தளம் 2024 ஆகஸ்டிலிருந்து புதியவற்றை ஏற்பதில்லை, ஆனால் அதுவரை சேர்ந்தவை ஏராளம், மேலே சொன்ன மாதிரியானவற்றைத் தேட அங்கே தொடங்கலாம்.

சில்லறைச் சந்தேகங்கள்

சாதனைப் பட்டியல் வைக்கும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் கணக்கு வைத்திருந்தால், அதன் ஹார்டுகோர் முறையில் சீட்டும் சேவ் ஸ்டேட் மீட்பும் வேலை செய்யாது. எமுலேட்டர் பழுது என்று நினைத்து நான் ஒரு ராத்திரியை வீணாக்கினேன். ஹார்டுகோரை அணைத்துவிட்டு ஆடுங்கள்.

சீட் போட்டதும் கேம் பாதியில் உறைந்தால், இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் முட்டுகின்றனவா என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சாகாமலிருக்கும் கோடு போட்டிருந்தால் தனியாகக் கவனம் வேண்டும், சில கேம்களில் பள்ளத்தில் விழுந்தும் சாகாமல், ஏறவும் முடியாமல் அங்கேயே கிடப்பீர்கள், ரீசெட்தான் வழி. ரொம்ப அரிதாகக் கேமே உடைந்திருக்கும்: என்இஎஸ் பேட்டில்டோட்ஸில் 11ஆம் லெவலில் இரண்டாவது ஆட்டக்காரரின் கன்ட்ரோலர் வேலையே செய்யாது, அது உங்கள் கன்ட்ரோலரின் குற்றம் இல்லை, புதிதாக வாங்கப் போகாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றால், கான்ட்ரா 30 லைஃப், கருவி எதுவும் வேண்டாம். அப்புறம் மாரியோவில் 075ஏவைத் தேடிப் பிடியுங்கள், அது கிடைக்கும் நொடியில் ஒரு சின்னத் துள்ளல் வரும். அப்புறம் காசில்வேனியா பேட்ச். நிஞ்ஜா கைடனைக் கடைசிக்கு வையுங்கள். நான் இப்போதும் 6-2இல் இருக்கிறேன், வாசலில் ஒரு சேவ் ஸ்டேட், வேறெதுவும் போடவில்லை, ஒவ்வொரு முறையும் அந்தப் பறவை வந்து சரியாக நான் குதிக்கும் நேரத்தில் மோதிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிறது.